சண்டை 14 நாள், கடிதங்கள் ஓராண்டு: 1972-ல் அப்பா எல்லையில் என்ன செய்துகொண்டிருந்தார்?

ஆரணி மகள் (கேள்வி):

எல்லாருக்கும் வணக்கம். போன மாதம் அம்மாவின் பீரோவை ஒழித்தபோது, பட்டுப்புடவைக்கு அடியில் ஒரு பிஸ்கட் டின் கிடைத்தது. உள்ளே அப்பாவின் கடிதங்கள். எண்ணிப் பார்த்தேன், 41. பல மடிப்பில் கிழிந்துவிட்டன. அவற்றோடு 12 மணியார்டர் கூப்பன்களும் இருந்தன. கூப்பனில் சேதி எழுத விடும் சின்ன இடத்தில்கூட அப்பா இரண்டு வரி எழுதியிருக்கிறார்: "பால்காரருக்குக் கொடு. உனக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கு." எங்கள் ஊரில் ஸ்வெட்டருக்கு என்ன வேலை? அவர் இருந்த இடத்தின் குளிரில் எழுதியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா ராணுவத்தின் இன்ஜினியர் படையான மதராஸ் சாப்பர்ஸில் இருந்தார். பெங்களூரில் பயிற்சி. 2009-ல் காலமாகிவிட்டார். 1971 பாகிஸ்தான் சண்டை பற்றி எப்போது கேட்டாலும் "நல்ல குளிர்மா" என்பார், அதற்கு மேல் பேச்சு வராது.

சண்டை நின்ற பிறகு எழுதிய முதல் கடிதம் 19.12.1971 தேதியிட்டது. அதை அப்படியே தருகிறேன்: "இங்கு நான் நலம். அங்கு உன் நலமும் அம்மா நலமும் அறிய ஆவல். வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்குச் சண்டை நின்றது. சத்தம் நின்றதும் காது அடைத்துக்கொண்டது போல் இருக்கிறது. தூக்கம் வரவில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடு. இன்று ஞாயிறு, மாலை ஆறு மணி." அப்போது அம்மா ஏழு மாதக் கர்ப்பிணி.

அங்கிருந்து 1972 டிசம்பர் வரை கடிதம் போகிறது. ஒன்றில்கூட ஊர்ப் பெயர் கிடையாது. பெயர், நம்பர், ரெஜிமென்ட், அதன் கீழே 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் முகவரி, அவ்வளவுதான். அண்ணன் 1972 பிப்ரவரியில் பிறந்தான். அப்பா அவனை முதன்முதலாகப் பார்த்தது 1973 பொங்கலுக்கு. 14 நாளில் முடிந்த சண்டைக்கு ஒரு வருடம் ஏன் வரவில்லை? இந்தக் கேள்வியை என் அம்மாவிடம் தெருவே கேட்டிருக்கிறது. வடக்கே வேறொரு குடும்பம் இருக்கிறது என்று சொந்தக்காரர்களே பேசியிருக்கிறார்கள். அம்மாவுக்கு இப்போது 74 வயது. அந்தப் பேச்சின் வலி இன்னும் போகவில்லை.

அடுத்தது, பிப்ரவரியிலிருந்து பல கடிதங்களில் "களை எடுக்கும் வேலை" என்று வருகிறது. "நாளெல்லாம் மண்டியிட்டும் ஒரு காணி முடியவில்லை" என்கிறார். ஏப்ரலில் இப்படி: "கோதுமை முற்றி நிற்கிறது. அறுக்க ஆளில்லை. பார்க்க வயிறு எரிகிறது. பக்கத்துப் பாத்தியில் திருச்சிப் பையன் அவசரப்பட்டுவிட்டான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். நான் நிதானமாகத்தான் எடுக்கிறேன், கவலை வேண்டாம்." பட்டாளத்தில் எதற்குக் களை எடுக்க வேண்டும்? பாம்பு கடித்திருக்குமோ என்றுகூட நினைத்தேன்.

கடைசியாக, அம்மா எழுதியதில் மிஞ்சியது ஒன்றே ஒன்று. அது அப்பாவின் டிரங்குப் பெட்டியில் இருந்தது. யாரோ எழுதிக் கொடுத்தது, தேதி இல்லை, தபால் முத்திரையும் மங்கிவிட்டது. 15 பைசா இன்லேண்டில் கூடுதலாக ஒரு 5 பைசா தபால்தலை ஒட்டியிருக்கிறது. "பையன் குப்புறப் படுக்கிறான். உங்கள் தம்பி சாராயக் கடைப் பக்கம் போவதில்லை, நீங்கள் எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினோம்" என்று இருக்கிறது. இது எப்போது எழுதியது என்று தெரிந்துகொள்ள வழி உண்டா? அப்பாவோடு வேலை பார்த்த வயதில் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பழைய சாப்பர்:

அம்மா, உங்கள் பதிவைப் பேரன் வாசித்துக் காட்டினான். நான் சொல்லச் சொல்ல அவன் தட்டுகிறான். எனக்கு 76 வயது. நானும் தம்பிதான். மதராஸ் சாப்பர்களை ராணுவம் முழுக்க அப்படித்தான் கூப்பிடும்.

உங்கள் அப்பா எடுத்தது களை இல்லை. கண்ணிவெடி.

எல்லைக்கு அந்தப் பக்கம், பாகிஸ்தானின் ஷக்கர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றுச் சண்டை டிசம்பர் 15, 16-ல் நடந்தது. டாங்கிகள் போக வேண்டுமென்றால் அதற்கு முன்னால் கண்ணி வயலில் பாதை திறக்க வேண்டும். அதை இருட்டில், குண்டு மழையில் செய்தது எங்கள் மதராஸ் சாப்பர்ஸின் 9-ம் இன்ஜினியர் ரெஜிமென்ட். மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரி அந்த வேலையில்தான் உயிர் விட்டார், மகாவீர் சக்ரா கொடுத்தார்கள். அந்தச் சண்டையில் டாங்கியில் உயிர் விட்டுப் பரம்வீர் சக்ரா பெற்ற அருண் கேத்ரபால் பெயரை எல்லாரும் கேட்டிருப்பீர்கள். அவர் டாங்கி போன பாதையும் அப்படித் திறந்ததுதான். நான் அந்த ரெஜிமென்ட் இல்லை, கொஞ்சம் தள்ளி இன்னொரு கம்பெனியில் இருந்தேன். உங்கள் அப்பா கடிதத்தில் ரெஜிமென்ட் நம்பர் இருந்தால் எந்தப் பக்கம் இருந்தார் என்று சொல்லிவிடலாம்.

சண்டையில் பாதை மட்டும்தான் திறப்போம். பாதைக்கு இரு பக்கமும் இருப்பது அப்படியே மண்ணில் கிடக்கும். நம் ஆட்கள் புதைத்ததற்கு வரைபடம் உண்டு. எதிரி புதைத்ததற்கு ஏது? நம் பக்கத்து விவசாயி ஊருக்குத் திரும்பி ஏர் ஓட்ட வேண்டுமென்றால் ஒவ்வொன்றையும் எடுத்தாக வேண்டும். டிடெக்டர் இருந்தது, ஆனால் பிளாஸ்டிக் கண்ணிக்கு அது கத்தாது. அப்புறம் கம்பிதான். மண்டியிட்டு உட்கார்ந்து, கம்பியைச் சாய்வாக மண்ணில் விட்டு, தட்டுப்படுகிறதா என்று விரலால் கேட்க வேண்டும். நேராகக் குத்தினால் போச்சு. தட்டுப்பட்டால் சுற்றியுள்ள மண்ணைக் கையால் தள்ள வேண்டும். மேலே கோதுமை இடுப்பளவு நிற்கும். மழை பெய்தால் ஓடைப் பக்கம் புதைத்தது இடம் மாறிவிடும், வரைபடம் இருந்தும் பயனில்லை. ஒரு காணி முடியவில்லை என்று அவர் எழுதியது சத்தியமான வார்த்தை.

கடிதத்தை வெளிப்படையாக எழுத முடியாது. இடம் எழுதக் கூடாது, வேலை எழுதக் கூடாது. யூனிட்டில் தமிழ் தெரிந்த ஒருவர் பார்த்த பிறகுதான் போகும். எங்கள் சுபேதார் சாப் அப்படிப் பார்ப்பவர். நான் ஒருமுறை "கண்ணி" என்று எழுதியதை மை பூசி அழித்துவிட்டு என்னைக் கூப்பிட்டுத் திட்டினார். உங்கள் அப்பா விவசாய வீட்டுப் பெண்ணுக்குப் புரிகிற பாஷையில் எழுதியிருக்கிறார். எனக்கு அந்த யோசனை வரவில்லை.

ஒரு வருடம் ஏன் என்கிறீர்கள். 17-ம் தேதி ராத்திரி எட்டு மணிக்கு நின்றது துப்பாக்கிதான். இரு பட்டாளமும் நின்ற இடத்திலேயே நின்றன. சிம்லா ஒப்பந்தம் 1972 ஜூலை 2-ல் ஆனது. அது அமலுக்கு வந்து 30 நாளில் படைகள் திரும்பிவிடும் என்றார்கள், நாங்களும் நாள் எண்ணினோம். ஆனால் காஷ்மீரில் கட்டுப்பாட்டுக் கோட்டை முதலில் வரைந்து முடித்தால்தான் திரும்புவது என்று ஆகிவிட்டது. தாக்கோ சக் என்று ஜம்மு பக்கம் ஒரு சின்னக் கிராமம். அது யாருக்கு என்பதில் மாதக்கணக்காக இழுத்தது. கடைசியில் நம் ராணுவத் தளபதி மானெக்‌ஷாவே லாகூருக்குப் போய் பாகிஸ்தான் தளபதி டிக்கா கானிடம் பேசினார். டிசம்பர் 11-ல் ஜம்மு எல்லையில் உள்ள சுசேத்கரில் வரைபடத்தில் கையெழுத்தானது. அதன் பிறகுதான் படை திரும்பியது. 1973 பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தார் என்றால், விட்டதும் முதல் ரயிலைப் பிடித்திருக்கிறார்.

லீவு சிலருக்குக் கிடைத்தது, அதை மறைக்க மாட்டேன். முறைவைத்து விட்டார்கள். எங்கள் கம்பெனியில் கம்பி பிடிக்கத் தெரிந்தவனின் முறை தள்ளிக்கொண்டே போனது. எனக்கு மூன்று தடவை தள்ளியது. என் அப்பா சாவுக்கு நான் போகவில்லை. வடக்கே வேறு குடும்பம் என்று சொன்னவர்கள் யாராவது இன்னும் இருந்தால் இதைப் படித்துக் காட்டுங்கள். அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

தபால்தலைப் பிரியன்:

அந்த 5 பைசா தலை உங்களுக்கு உதவும். கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகளுக்காக 1971 நவம்பர் 15 முதல் கடிதங்களுக்கு 5 பைசா கூடுதலாக வசூலித்தார்கள். முதலில், ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த குடும்பக் கட்டுப்பாட்டுத் தலையின் மேல் அகதிகள் நிவாரணம் என்று அச்சடித்து விற்றார்கள். டிசம்பரில் அகதிகள் படம் போட்ட தனித் தலை வந்தது. 1973 மார்ச்சோடு வசூல் நின்றது. ஆக உங்கள் அம்மாவின் கடிதம் அந்த 16 மாதத்துக்குள்தான். மீதியை உங்கள் அண்ணன் சொல்லிவிட்டார். பிப்ரவரியில் பிறந்த பிள்ளை குப்புறப் படுக்கிறதென்றால் ஜூன், ஜூலை 1972. சாராயக் கடையும் பொருந்துகிறது, தமிழ்நாட்டில் மதுவிலக்கைத் தள்ளிவைத்தது 1971 ஆகஸ்ட் கடைசியில்.

அப்பாவின் கடிதங்களில் தலை இருக்காது, கவனித்திருப்பீர்கள். எல்லையில் இருந்தவர்களுக்கு இலவச இன்லேண்ட் கொடுத்தார்கள். முகவரிப் பக்கத்தில் எஃப்.பி.ஓ. (ராணுவக் களத் தபாலாபீஸ்) என்று நம்பரோடு ஒரு வட்ட முத்திரை இருக்கும். அதோடு உங்கள் ஊர் தபாலாபீஸ் அடித்த முத்திரையையும் பாருங்கள். இரண்டு தேதிக்கும் நடுவே எத்தனை நாள் என்று எழுதிவைத்தால், அம்மா எத்தனை நாள் காத்திருந்தார் என்பது தெரியும்.

ஒரு வேண்டுகோள். தயவுசெய்து லேமினேஷன் செய்யாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள். டேப்பின் பசை சில வருடத்தில் மஞ்சளாகி எழுத்தைத் தின்றுவிடும். ரப்பர் பேண்டையும் எடுத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், செல்போனில் இரு பக்கமும் படமெடுங்கள். வரிசை எண்ணைப் பென்சிலால் ஓரத்தில் லேசாக எழுதினால் போதும். மடித்த இடத்தில்தான் கிழியும், விரித்தே வையுங்கள்.

வாத்தியார் பேத்தி:

எங்கள் தாத்தா செய்யாறு பக்கம் வாத்தியார். பட்டாளத்துக் கடிதம் வந்தால் நாலைந்து வீட்டுப் பெண்கள் அவர் திண்ணைக்கு வருவார்களாம். சில வரிகளை வாசிக்காமல் தாண்டிவிடுவேன் என்று எங்களிடம் பின்னாளில் சொல்லியிருக்கிறார். வயிற்றுப்பிள்ளைக்காரியிடம் எப்படி அதைச் சொல்வது என்பார். அக்கா, உங்கள் அம்மாவுக்கு யார் வாசித்தார்கள்? அந்த ஆஸ்பத்திரி வரியை வாசித்திருப்பார்களா? கேட்டுப் பாருங்கள்.

ஆரணி மகள்:

மூவருக்கும் நன்றி. பதில் எழுத நாலு நாள் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அண்ணனையும் வரவழைத்து அம்மாவை உட்காரவைத்து எல்லாவற்றையும் வாசித்தேன். ஐயா எழுதியதை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். தாக்கோ சக் பெயரை ஒருமுறை தானே சொல்லிப் பார்த்தார். "அந்த ஊரா?" என்றார்.

வாசித்தது எங்கள் தெரு கணக்குப்பிள்ளை. ஆஸ்பத்திரி வரியை அவர் வாசிக்கவே இல்லையாம். ஆனால் அம்மா மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். கணக்குப்பிள்ளை வீட்டிலிருந்து வந்து, அடுப்பங்கரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டித் தானும் வாசிப்பாராம். ஒரு கடிதத்துக்கு இரண்டு நாள் ஆகுமாம். இது எனக்கு இத்தனை வயதில் இப்போதுதான் தெரியும்.

"கண்ணிவெடின்னு தெரியாதுடி. ஆனா களை இல்லைன்னு தெரியும்" என்றார். எப்படி என்றேன். எந்தக் கடிதத்தையாவது எடுத்துக் கடைசி வரியைப் பார் என்றார். 41-ஐயும் பார்த்தேன். எல்லாவற்றிலும் கிழமை இருக்கிறது, மாலை ஆறு மணி என்று இருக்கிறது. அன்றைய வேலை முடிந்து கைகழுவி உட்கார்ந்த நேரம். "களை எடுக்கிறவன் எதுக்குடி மணி போடணும்?" என்றார். அந்த ஒரு வருடம் அம்மா தினமும் ஆறு மணிக்கு விளக்கேற்றியது அதற்குத்தானாம். மாமியார் பக்தி என்று நினைத்துக்கொண்டார்களாம்.

வேறு குடும்பம் என்று பேசியவர்களில் ஒரு அத்தை மட்டும் இருக்கிறார். அவரிடம் போய் வாசித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், அவளுக்குக் காது கேட்காது என்றுவிட்டார்.

தபால்தலை நண்பர் சொன்னபடி முத்திரைகளைப் பார்த்துக் குறித்திருக்கிறேன். சாதாரணமாக ஆறேழு நாள். சண்டை நடுவில், டிசம்பர் 10-ல் எழுதியது மட்டும் 29-ம் தேதி வந்திருக்கிறது. 19-ம் தேதிக் கடிதம் அதற்கு முன்பே, 27-ல் வந்துவிட்டது. அதனால் "சண்டை நின்றது" என்பதை முதலில் வாசித்துவிட்டு, இரண்டு நாள் கழித்து "நாளை முன்னால் போகிறோம்" என்பதை வாசித்திருக்கிறார். ஏழு மாதக் கர்ப்பத்தில். தேதி பார்க்கத் தெரிந்ததால் பிழைத்தேன் என்கிறார்.

பழைய சாப்பர் ஐயா, ரெஜிமென்ட் நம்பரையும் அப்பாவின் இளவயதுப் படத்தையும் உங்களுக்குத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். அந்தத் திருச்சிப் பையன் பிழைத்தாரா என்று அம்மா கேட்கச் சொன்னார்.