சுத்துதோ, காத்துக்கொண்டு நிக்குதோ?

கொக்குவிலில் இருந்து:

வெளிநாட்டு வங்கி ஒன்றின் மெயின்பிரேமை (பெரிய மையக் கணினியை) இங்கிருந்தே இரவுவேலையாகப் பார்க்கிறேன். இது நான் சேர்ந்த முதல் வருடம் நடந்தது.

மாதக் கடைசி. வழமையாக 12 நிமிடத்தில் முடிகிற வட்டிக் கணக்கு ஜொப் (கணினியில் தானாக ஓடுகிற வேலை) ஒரு மணித்தியாலம் தாண்டியும் ஓடுகிறது. பின்னால் மற்ற ஜொப்கள் வரிசையில் நிற்கின்றன. பதற்றத்தில் கான்சல் அடித்தேன். திரும்ப ஓடவிட்டேன், அதே கதை. மூத்த அண்ணை ஒருவருக்கு எடுத்தேன். அவர் கேட்டது இரண்டே கேள்வி: "தம்பி, அது சுத்திக்கொண்டு நிண்டதோ, காத்துக்கொண்டு நிண்டதோ? டம்ப் எடுத்தனியோ?"

டம்ப் என்றால் அந்த நேரத்து நினைவகத்தின் நகல். இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. ஜொப் எஸ்222 என்ற முடிவுக் குறியோடு விழுந்திருந்தது. டம்ப் கேட்காமல் நிறுத்தியது என்று அதற்கு அர்த்தம். இருந்த ஒரே சாட்சியை நானே அழித்திருந்தேன். அந்த ஒரு மணித்தியாலத்தை இன்றைக்கு நினைத்தாலும் மனம் உறுத்தும்.

இரண்டாம் ஓட்டத்தை அண்ணை சொல்லச் சொல்லப் பார்த்தேன். கொன்சோலில் டி ஏ கட்டளையோடு ஜொப்பின் பெயரைக் கொடுத்தால் சிடி என்ற இடத்தில் அது செலவழித்த சிபியு நேரம் தெரியும். குறித்துக்கொண்டு ஒரு நிமிடம் கழித்துத் திரும்பவும் பார்த்தேன். 57 செக்கன் கூடியிருந்தது. ஜொப்களைக் காட்டுகிற எஸ்டிஎஸ்எஃப் திரையில், ஃபைல் வாசிப்பு எழுத்தை எண்ணும் எக்ஸ்சிபி எண்ணிக்கையோ அசையவே இல்லை. சிபியு ஏறுகிறது, ஃபைல் வாசிப்பு எழுத்து ஒன்றும் இல்லை என்றால் அது லூப், ஒரே இடத்தில் சுற்றுகிறது. இரண்டுமே அசையாவிட்டால் எதற்கோ காத்து நிற்கிறது. இரண்டும் ஏறினால் அவசரப்படக் கூடாது. அன்றைக்குத் தரவு கூடவாக இருக்கலாம். அல்லது ஒரே ரெக்கோட்டைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கலாம்.

கொன்சோலில் இருந்தே டம்ப் கட்டளை கொடுத்தோம். அதற்கு ஜொப்பை நிறுத்தத் தேவையில்லை, ஜேசிஎல்லில் (ஜொப்பை ஓட்டச் சொல்லும் வரிகளில்) டம்ப் போகும் இடத்தைச் சொல்லும் எஸ்வைஎஸ்யூடம்ப் வரி இருக்கவேண்டும் என்றும் இல்லை. எடுத்த பிறகுதான் கான்சல். டம்ப் வாசிக்கிற ஐபிசிஎஸ்ஸில், கடைசியாக நடந்தவற்றின் பதிவான சிஸ்டம் ட்ரேஸைத் திறந்தால் எஸ்விசி (சிஸ்டத்திடம் சேவை கேட்பது) ஒன்றுகூட இல்லை, வெறும் ரைமர் குறுக்கீடுகள். ஒவ்வொன்றிலும் பிஎஸ்டபிள்யூ முகவரி (அடுத்து ஓடவேண்டிய கட்டளையின் இடம்) சில நூறு பைட்டுக்குள்ளேயே சுற்றுகிறது. அதிலிருந்து மொடியூல் (புரோகிராம்) ஏற்றப்பட்ட முகவரியைக் கழித்து, வந்த ஒஃப்செட்டை (தொடக்கத்தில் இருந்து உள்ள தூரத்தை) புரோகிராம் வரிகள் உள்ள கம்பைல் லிஸ்டிங்கில் தேடினோம். நேராக, திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் ஒரு பெர்ஃபோம் வரியில் கொண்டுபோய் விட்டது.

எண்ணுகிற மாறி இரண்டு இலக்கம், எல்லையாக வைத்த மாறி மூன்று இலக்கம். அந்த மாதம் ஒரு கணக்கில் சரியாக 99 பரிமாற்றம். 99 தாண்டவேண்டிய இடத்தில் இரண்டு இலக்கத்துக்குள் 00 தான் நின்றது. எண்ணிக்கை எல்லையைக் கடக்கவே முடியாது. ஜொப் கார்ட்டில் (ஜேசிஎல்லின் முதல் வரியில்) நேர எல்லை வேண்டாம் என்று சொல்லும் ரைம்=1440 போட்டிருந்தபடியால், நேரம் தாண்டினால் வருகிற எஸ்322 வந்து தானாக விழவும் வழியில்லை.

பருத்தித்துறையில் இருந்து:

அண்ணை, எனக்கு நடந்தது மற்றப் பக்கம். 2022 மின்வெட்டு நேரம். ஒரு டேட்டாசெட்டை (மெயின்பிரேம் ஃபைலை) எடிட்டிலை திறந்து வைச்சிருக்கேக்கை கரண்ட் போயிட்டுது. இங்கை இருட்டு, அங்கை மெயின்பிரேமிலை நான் லொக்ஒன் பண்ணின டிஎஸ்ஓ செஷன் இன்னும் உயிரோடை. கரண்ட் வந்து பாத்தால் ஒரு ஜொப் தொடங்காமலே நிக்குது, டேட்டாசெட்டுக்குக் காத்திருக்குது எண்டு ஐஇஎஃப்099ஐ செய்தி. ஆர் பிடிச்சு வைச்சிருக்கினம், ஆர் காத்திருக்கினம் எண்டு காட்டிற டி ஜிஆர்எஸ்,சி கட்டளை அடிச்சுப் பாத்தன். பிடிச்சு வைச்சிருக்கிறது என்ரை ஐடி! ஜொப் டிஸ்ப்=ஓல்ட் எண்டு தனக்கு மட்டும் கேக்குது, என்ரை எடிட் விடேல்லை. திரும்ப லொக்ஒன் பண்ணி வெளியிலை வந்தன், அடுத்த நிமிசம் ஜொப் ஓடத் தொடங்கீட்டுது. இப்ப ஆராவது 'ஹாங்' எண்டு சொன்னால் முதல் ஜிஆர்எஸ்ஸையும், பேந்து டி ஆர்,எல் போட்டு ஆரும் பதில் சொல்லாமல் விட்ட கேள்வி கிடக்குதோ எண்டும் பாக்கிறனான்.

மானிப்பாயில் இருந்து:

சிஐசிஎஸ்ஸில் (பரிமாற்றங்களை உடனுக்குடன் நடத்தும் மெயின்பிரேம் மென்பொருளில்) வேலை செய்கிற பிள்ளைகளுக்கு ஒன்று. அங்கே ஐசிவிஆர் என்ற அளவு இருக்கிறது, வழமையில் 5000 மில்லிசெக்கன். அந்த நேரத்துக்குள் கட்டுப்பாட்டை விட்டுக்கொடுக்காத டாஸ்க் ஏஐசிஏ என்று விழும். ஆனால் சுற்றுக்குள்ளே காத்திருக்க வைக்கிற ஒரு கட்டளை இருந்தால் ஒவ்வொரு முறையும் அந்தக் கணக்குப் புதிதாகத் தொடங்கும், டாஸ்க் விழாது. எங்கள் இடத்தில் அப்படி ஒன்று காலைவரை ஓடியது. செம்ட் என்ற சிஐசிஎஸ் கட்டளையில் டாஸ்க் பட்டியலைப் பார்த்துத்தான் பிடித்தோம்.

கொக்குவிலில் இருந்து:

அக்கா, அதற்கு டம்ப் எடுத்தீர்களோ, நேரே பேர்ஜ் பண்ணி டாஸ்க்கை நீக்கினீர்களோ?

மானிப்பாயில் இருந்து:

எடுத்துவிட்டுத்தான் தம்பி.