காகிதச் சிமெண்ட் கல்: செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

பரணில் கிடந்த பழைய நாளிதழ்களைக் கிழித்து இரண்டு நாள் ஊறப்போட்டேன். டிரில்லில் பெயிண்ட் கலக்கும் கம்பியை மாட்டிச் சுற்றினால் கூழாகிவிடும், அது சுலபம். கூழைத் துணியில் கட்டிப் பிழிந்து, மூன்று பங்குக்கு ஒரு பங்கு சிமெண்டும் கொஞ்சம் மணலும் போட்டுப் பிசைந்து, பலகை அச்சில் நிரப்பினேன்.

மறுநாள் அச்சைக் கழற்றியதும் கல் நின்றது. ஆனால் கட்டைவிரலை வைத்து அழுத்தினால் ஊறிய ரொட்டி மாதிரி அமுங்கி, ஓரத்தில் தண்ணீர் கசிந்தது. சிமெண்ட் பழசு போல என்று கடைக்காரரை மனதுக்குள் திட்டினேன். பாவம் அவர். சிமெண்ட் தன் பாட்டுக்கு இறுகிக்கொண்டுதான் இருந்தது. காகித நார் குடித்த தண்ணீர்தான் வெளியேற மறுத்தது. தரையில் படுக்கவைத்ததும் என் தப்பு. அப்புறம் இரண்டு கம்பிகளின் மேல் நிறுத்தி, காற்றுப்படத் திருப்பித் திருப்பி வைத்தேன். காய மூன்று வாரமானது. அதற்குள் நீளத்தில் ஒரு விரல் அகலம் சுருங்கிவிட்டது, அளவெடுத்துச் செய்த அச்செல்லாம் வீண்.

காய்ந்த கல்லை ஒரு கையால் தூக்கலாம். கைரம்பத்தால் அறுத்தேன், ஆணியும் பிளக்காமல் இறங்கியது. ஆனால் மழையில் மறந்துவிட்ட ஒரு கல் பஞ்சு மாதிரி தண்ணீரை இழுத்துக்கொண்டது. பூச்சு இல்லாமல் வெளியே வைக்காதீர்கள்.

---

நான் பளபளப்பான பத்திரிகைத் தாளைப் போட்டு மாட்டிக்கொண்டேன். அந்தப் பளபளப்புக்குக் காரணம் களிமண் மாதிரியான பூச்சு; ஊறவும் நேரமாகும், நாரும் குறைவு. நாளிதழும் அட்டைப்பெட்டியும்தான் சரி. இன்னொன்று, வெறுங்கையால் பிசையாதீர்கள். சிமெண்டின் காரத்தில் எனக்கு விரல்நுனித் தோல் ஒரு வாரம் உரிந்தது.

---

இந்தக் கல் தீப்பிடிக்காது என்று சிலர் சொன்னார்களே, பார்த்துவிடுவோம் என்று ஒரு துண்டில் கேஸ் டார்ச்சைக் காட்டினேன். சுடர் வரவில்லை. பெருமையாக வைத்துவிட்டுப் போய்விட்டேன். சாயங்காலம் புகை நாற்றம். வெளியே கருப்பு, உடைத்துப் பார்த்தால் உள்ளே கொள்ளிக்கட்டை மாதிரி கனன்றுகொண்டிருக்கிறது! என் கலவையில் சிமெண்ட் குறைவு, அதுவும் காரணம். இப்போது பூந்தொட்டி மட்டும்தான் செய்கிறேன். சுவர் எழுப்பினாலும் பாரம் தாங்காத தடுப்புச் சுவராக, இருபுறமும் பூசித்தான் எழுப்புவேன். அடுப்புப் பக்கம் கண்டிப்பாக இல்லை.