புதுப்பிப்பு: தோட்டத்து வீட்டுக்கு ஜெனரேட்டர் போட்டாச்சு

கோபி பக்கம் எங்கள் தோட்டத்து வீட்டில் கரண்ட் போனால் ஃபிரிட்ஜும் அரை எச்பி தண்ணீர் மோட்டாரும் ஓட்ட எந்த ஜெனரேட்டர் எடுக்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். 3 கேவிஏ பெட்ரோல் மெஷின் எடுத்துவிட்டோம்.

"ரெண்டு முனையிலும் பிளக் வைத்த வயரின் ஒரு முனையை ஜெனரேட்டரிலும் மறுமுனையைச் சுவர் சாக்கெட்டிலும் சொருகினால் போதுங்க" என்று சிலர் சொன்னீர்கள். அதை மட்டும் செய்யாதீங்க. மெயினை அணைக்க மறந்தால் ஜெனரேட்டர் கரண்ட், கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயர் வழியே டிரான்ஸ்பார்மருக்குத் திரும்பிப் போகும்; அங்கே 11,000 வோல்ட் வரை ஏறும். லைன் ஆஃப் என்று நம்பிக் கம்பத்தில் ஏறியவர் கதி? எலக்ட்ரீசியன் அண்ணன் மீட்டர் பலகைக்குப் பக்கத்தில் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் மாட்டினார். கைப்பிடி மேலே என்றால் லைன், கீழே என்றால் ஜெனரேட்டர், நடுவில் ஆஃப். ரெண்டும் ஒன்றாகச் சேர வழியே இல்லை.

மோட்டார் கிளம்பும்போது, ஓடுகையில் இழுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். மெஷின் ஒரு முக்கு முக்கி, லைட் மங்கி, அப்புறம் சீராகிறது. அதனால் முதலில் மோட்டார், பிறகுதான் ஃபிரிட்ஜ். போர்வெல்லின் 5 எச்பி த்ரீ ஃபேஸ் மோட்டார் இதில் ஓடாது.

வைக்கும் இடத்துக்குத்தான் அம்மாவுடன் சண்டை. மழையில் நனையும், திண்ணையில் வை என்றார். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது. ஜன்னல் வழியே வந்தால் தூங்குகிறவர்களுக்குத் தெரியவே தெரியாது. இருபது அடிக்கு மேல் தள்ளி, வேலியோரம் தகரம் போட்டு, நாலு பக்கமும் திறந்தே விட்டிருக்கிறேன். மாட்டுக்கொட்டகையை விட்டும் தள்ளித்தான்.

சத்தம் பக்கத்துத் தோட்டம் வரை கேட்கிறது. கேட்டதும் செல்போன் சார்ஜ் போட ஆள் வந்துவிடுகிறார்கள்.