துருப்பிடித்த பழைய காரை வீட்டிலேயே மீட்டெடுத்தவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நான்கு ஆண்டுகளாக என் விடுமுறை நாள்கள் அத்தனையும் 1963ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வாகன் பீட்டில் ஒன்றுக்கே போகின்றன. இடப்பக்கம் முடிந்துவிட்டது. வலப்பக்கத்தில் கை வைக்கும் முன், இதுவரை பட்டதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். இதே வேலையில் இறங்கியவர்கள் தங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள்.

வாங்கும்போது வண்டி பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. மட்கார்டு ஓரத்தில் இரண்டு மூன்று கொப்புளங்கள், கதவின் அடியில் கொஞ்சம் பழுப்பு, அவ்வளவுதான். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, துணி சுற்றிய காந்தம் ஒன்றை உடல் முழுவதும் நகர்த்திப் பார்த்தேன். கதவுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குக் காந்தம் ஒட்டவே இல்லை. ஸ்குரு டிரைவரால் அந்த இடத்தை லேசாக அழுத்தினேன். பிடி வரைக்கும் உள்ளே போயிற்று. குழியை மறைக்கப் பூசிய பட்டியைச் சுரண்டி எடுத்தால் உள்ளே சுருட்டித் திணித்த செய்தித்தாள்! விரித்துப் பார்த்தேன். பாதி நிரப்பிய குறுக்கெழுத்துப் புதிர். பென்சில் எழுத்துகள்கூட அழியாமல் இருந்தன. அதைச் சுற்றியிருந்த இரும்பு தூளாகியிருந்தது.

இந்த வண்டியில் கதவுக்கு அடியில் நீளவாக்கில் ஓடுவது உள்ளீடற்ற பெட்டிச் சட்டம். எஞ்சினிலிருந்து வரும் வெப்பக் காற்று அதன் வழியாகத்தான் முன்பக்கம் போகிறது. காற்றோடு ஈரமும் போகும். உள்ளே தங்கிய ஈரம் வெளியே வர வழியில்லாமல் தகட்டை உள்ளிருந்தே தின்றுவிடுகிறது. வெளியே ஒரு கொப்புளம் தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும். பேட்டரியோ பின் இருக்கைக்கு அடியில், தரைத் தகட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. பல ஆண்டுகளாகக் கசிந்த அமிலத்தில் அந்த மூலை சல்லடையாகி, வெளிச்சம் தரையில் புள்ளி புள்ளியாக விழுந்தது.

நான் செய்த பெரிய தவறு இனிமேல்தான் வருகிறது. வண்டியை முன்னும் பின்னும் ஸ்டாண்டில் ஏற்றிவிட்டு, இடப்பக்கச் சட்டத்தையும் தரைத் தகட்டையும் ஒரே நாளில் வெட்டி எடுத்தேன். கிரைண்டர் கையில் இருந்தால் வேலை ஓடுகிறது என்ற மகிழ்ச்சி வந்துவிடுகிறது. புதிய சட்டத்தைப் பொருத்தி, மூன்று வாரம் உட்கார்ந்து முழுவதும் வெல்டிங் செய்து முடித்தேன். பிறகு கதவை மாட்டினேன். மூடவில்லை. கீழே விரல் நுழையும் இடைவெளி. மேலே கதவின் விளிம்பு தூணில் உரசிக்கொண்டு நின்றது. அடிச் சட்டம் இல்லாதபோது வண்டியின் உடல் நடுவில் தொய்ந்திருக்கிறது. தொய்ந்த நிலையிலேயே அதைப் பற்றவைத்து நிரந்தரமாக்கிவிட்டேன்.

அன்று இரவு நான் தூங்கவில்லை. போட்ட வெல்டிங் அத்தனையையும் மறுநாள் வெட்டினேன். கதவு வாயிலின் குறுக்கே இரண்டு சதுரக் குழாய்கள், மூலைவிட்டமாக இன்னொன்று. நடுவில் ஜாக்கி வைத்து, கால் சுற்று கால் சுற்றாக உயர்த்தி, ஒவ்வொரு முறையும் கதவை மாட்டி மூடிப் பார்த்தேன். கதவைச் சுற்றிலும் இடைவெளி 4 மில்லிமீட்டராக ஒத்துவந்த பிறகுதான் குழாய்களை நிலைநிறுத்தினேன். முதல் நாளே ஒரு மணி நேரத்தில் செய்திருக்க வேண்டிய வேலை அது.

*

அண்ணா, அந்தக் குறுக்கெழுத்துப் புதிரைப் பத்திரமாக வைத்திருங்கள், அது வண்டியின் வரலாறு. என்னுடையது மோரிஸ் மைனர். 1948 முதல் 1971 வரை தயாரான மாடல், என்னிடம் இருப்பது 1958. என் அனுபவம் தகரத்தில் குறைவு, இறுகிப்போன பாகங்களில் அதிகம்.

எஞ்சின் அசையவே இல்லை. ஸ்பேனருக்கு நீளமான குழாய் மாட்டித் திருகிப் பார்க்கலாமா என்று எல்லாரும் கேட்டார்கள். நான் மறுத்துவிட்டேன். சிலிண்டர் சுவரில் துருவோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பிஸ்டன் வளையம் பலவந்தத்துக்கு இளகாது, உடையும். நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் ஊடுருவும் எண்ணெய் ஊற்றி மூடி வைத்தேன். இரண்டு நாளுக்கு ஒரு முறை எண்ணெயின் அளவைப் பார்ப்பேன். மூன்று துளைகளில் மெல்ல இறங்கியது, நான்காவதில் இறங்கவே இல்லை. பதினேழாம் நாள் அதுவும் இறங்கியிருந்தது. எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கிராங்க் புல்லியின் நட்டில் ஸ்பேனரை வைத்து முன்னும் பின்னும் மெல்ல அசைத்தேன். கடிகார முள் நகர்வது போல ஒரு சிறு அசைவு. அந்த உணர்வு இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது. அன்று அதற்கு மேல் நான் எதுவும் செய்யவில்லை. மறுநாள் முழுச் சுற்றும் வந்தது.

துருப்பிடித்த போல்ட்டுக்கு நான் கற்றுக்கொண்டது: முதலில் கழற்றும் திசையில் திருகாதீர்கள். இறுக்கும் திசையில் ஒரு நூலளவு அசைத்துத் துருவின் பிடியை உடையுங்கள், பிறகு திருப்புங்கள். அதற்கும் மசியாததைச் சூடாக்கி, நட்டும் போல்ட்டும் சேரும் இடத்தில் மெழுகுவர்த்தியைத் தொட்டால் உருகிய மெழுகு மரைக்குள் இழுத்துக்கொண்டு போகும். சைலன்சர் பக்கம் இருந்த ஆறு போல்ட்டில் ஐந்தை இப்படித்தான் மீட்டேன். (பெட்ரோல் டேங்குக்கும் குழாய்க்கும் பக்கத்தில் நெருப்பைக் கொண்டுபோகவே கூடாது. காலியான டேங்க்தான் நிரம்பியதைவிட ஆபத்து, ஆவி உள்ளே நிற்கும்.)

சின்னப் பாகங்களுக்கு மின்பகுப்பு, அதாவது மின்சாரத்தால் துருவைக் கழற்றுவது. பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், சலவைச் சோடா, பேட்டரி சார்ஜர். பாகத்தை எதிர்முனையிலும், தேவையில்லாத சாதாரண இரும்புத் துண்டை நேர்முனையிலும் கட்ட வேண்டும். மாற்றிக் கட்டினால் உங்கள் பாகம் கரையத் தொடங்கிவிடும். துருப்பிடிக்காத எஃகை ஒருபோதும் நேர்முனையில் போடாதீர்கள். நச்சான குரோமியச் சேர்மம் தண்ணீரில் கலக்கும். மேலே குமிழியாக வருவது ஹைட்ரஜன், ஆகவே திறந்தவெளியில் மட்டும். கதவுக் கீல் ஒன்றை இரவு முழுவதும் விட்டேன். காலையில் கருஞ்சேறாகத் துரு கழன்று, வார்ப்பில் பதித்த எண்கள் தெளிவாகத் தெரிந்தன.

*

மேலே எழுதிய இருவருக்கும் அடுத்து நானும் சுருக்கமாக ஒன்று சொல்கிறேன். தயவுசெய்து யாரும் இதைத் தாண்டிப் போகாதீர்கள்.

சக்கர வளைவில் ஓர் உள்ளங்கை அளவு ஒட்டு வெல்டிங் செய்தேன். வேலை முடிந்தது, வீட்டுக்குள் போய்க் குளித்தேன். தலை துவட்டும்போது தார் எரியும் வாடை. ஓடினேன். தகட்டின் மறுபக்கம், இரைச்சலைத் தடுக்க ஒட்டியிருந்த பழைய தார் அட்டை அரை மணி நேரமாக உள்ளுக்குள்ளேயே கனன்றிருக்கிறது. நான் கதவைத் திறந்ததும் காற்றுப் பட்டு இருக்கைப் பஞ்சு பிடித்துக்கொண்டது. தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால் கார் தப்பியது, வீடும் தப்பியது.

இப்போது வெல்டிங் செய்யும் பக்கத்துக்கு மறுபக்கத்தை முழுவதும் காலி செய்கிறேன். கடைசிப் பொறி பறந்த பிறகு ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்கிறேன். பிரேக் துடைக்கும் குளோரின் கலந்த திரவத்தால் துடைத்த இடத்திலும் வெல்டிங் வேண்டாம், அந்தச் சூட்டில் ஃபாஸ்ஜீன் என்ற கொடிய நச்சுவாயு உருவாகும்.

*

தம்பிமாரே, தங்கையே, நான் முப்பது ஆண்டுகள் டிங்கரிங் வேலை பார்த்தவன். இப்போது என் சொந்த வண்டி ஒன்றை வீட்டில் பிரித்து வைத்திருக்கிறேன். கதவைப் பற்றி முதலில் எழுதிய தம்பி சொன்னது முற்றிலும் சரி. எந்த வண்டியாக இருந்தாலும் வெட்டுவதற்கு முன் கதவு இடைவெளிகளை அளந்து, சுவரிலேயே எழுதி வையுங்கள். காகிதம் தொலைந்துபோகும்.

வீட்டில் செய்பவர்கள் சறுக்கும் இடம் பெரும்பாலும் பிரைமர், அதாவது பெயின்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு. தகட்டைப் பளபளவென்று சுத்தம் செய்து, சாம்பல் நிறப் பிரைமர் அடித்துவிட்டு, பெயின்டுக்கு நேரம் வரட்டும் என்று ஆறு மாதம் விட்டுவிடுவார்கள். சாதாரணப் பிரைமர் நுண்துளை உள்ளது, ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஆறு மாதம் கழித்து மேலே பெயின்ட் அடித்தால் அழகாக இருக்கும். அடுத்த ஆண்டு அதே இடத்தில் கொப்புளம் எழும். நிறுத்தி நிறுத்திச் செய்பவர்களுக்கு எபாக்ஸி பிரைமர்தான். பட்டியையும் அதன் மேல் போடுங்கள், வெறும் தகட்டில் வேண்டாம்.

துருமாற்றி திரவத்தை நம்பி ஏமாறாதீர்கள் என்றும் சொல்ல வேண்டும். பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ கலந்த அந்தத் திரவம் மேல்படிந்த துருவைக் கறுப்புப் படலமாக மாற்றும், உண்மை. ஆனால் அடுக்கடுக்காகப் பெயர்ந்து நிற்கும் துருவுக்குள் அது இறங்காது. சுத்தியலின் பின்பக்கத்தால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், செத்த தகடு 'தொப்' என்னும். 'தொப்' என்ற இடத்தை வெட்டி எடுக்க வேண்டும், கணீர் என்னும் இடம் வரும்வரை. ஒரு மில்லிமீட்டர் தகட்டில் நீளமாக வெல்டிங் இழுக்காதீர்கள். ஒரு புள்ளி இங்கே, ஒரு புள்ளி அந்தக் கோடியில், கை வைத்தால் சுடாத வரை ஆற விடுங்கள். இல்லாவிட்டால் தகடு அப்பளமாக நெளியும்.

பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேயுங்கள், முகமூடி போடுங்கள். பிரேக் டிரம்மைக் கழற்றினால் உள்ளே இருக்கும் தூசியை ஊதவே கூடாது, பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். நனைத்துத் துடைத்தெடுங்கள். எல்லாம் முடிந்து பெயின்டும் காய்ந்த பிறகு, பெட்டிச் சட்டங்களுக்குள் நீளக் குழாய் விட்டு மெழுகைப் பீய்ச்சுங்கள். கீழே இருக்கும் வடிகால் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.

*

ஐயா, நீங்கள் சுத்தியலால் தட்டச் சொன்னதை இன்று காலையே செய்து பார்த்தேன். வலப்பக்கச் சட்டத்தில் முன்பாதி முழுவதும் 'தொப்', பின்பாதி கணீர். முழுச் சட்டத்தையும் மாற்ற வேண்டும் என்று நினைத்திருந்தேன். பாதி தப்பும் போலிருக்கிறது. இடப்பக்கத்தில் பிரைமரோடு எட்டு மாதமாக நிற்கும் இடத்தைச் சுரண்டியும் பார்த்துவிட்டேன். நீங்கள் சொன்னபடியே அடியில் ஆரஞ்சு நிறத்தில் முளைத்திருக்கிறது. அதை மறுபடி தகடு வரை இறக்க வேண்டும், இறக்கிவிடுகிறேன்.

தங்கைக்கு: புதிர் பத்திரமாக இருக்கிறது. தார் அட்டை பற்றி எழுதியவருக்கு: என் வண்டியிலும் அது இருந்தது, மதியம் வலப்பக்கத்தில் அத்தனையையும் பெயர்த்து வெளியே போட்டுவிட்டேன். குழாய்களை வெட்டி வைத்தாயிற்று. கதவின் நான்கு மூலை அளவுகளும் சுவரில் இருக்கின்றன. நாளை வலப்பக்கக் கதவு மூடிய நிலையில் முதல் குழாயைப் பொருத்துகிறேன்.