ட்ரஸ்ட் காசுல புது இசை ரெக்கார்டிங்குக்கு குடுக்கலாமா?

அஸ்தம்பட்டி வாசி:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க. ஒரே ஸ்கூல்ல படிச்ச நாங்க சில பேர் சேர்ந்து சேலத்துல ஒரு சின்ன ட்ரஸ்ட் நடத்துறோம். ஆடி மாசம் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு வெளியூர்ல இருக்கிறவங்க ஊருக்கு வருவாங்க இல்ல, அப்பதான் காசு திரட்டுவோம், அது காலேஜ் ஃபீஸ் கட்ட முடியாத பசங்களுக்கும் ஜிஎச்-ல படுத்திருக்கிறவங்க குடும்பத்துக்கும் போகும். இந்த வருஷம் வேற மாதிரி ஒரு விண்ணப்பம் வந்திருக்கு. ஏற்காட்டுல வளர்ந்த ஒரு பொண்ணு, அங்க ஸ்கூல்லயே பியானோ கத்துக்கிட்டு அப்புறம் சென்னையில முறையா காம்போசிஷன் படிச்சது, ரெண்டு வயலின் ஒரு வயோலா ஒரு செல்லோ சேர்ந்து வாசிக்கிற ஸ்ட்ரிங் குவார்டெட் ஒண்ணு எழுதியிருக்கு. சுமார் இருபது நிமிஷம் வரும். சினிமா இசை இல்ல, கச்சேரி சங்கீதமும் இல்ல, மேற்கத்திய கிளாசிக்கல்ல இப்ப எழுதுற புது இசை. அதை நல்லபடியா ரெக்கார்ட் பண்ண மூணு லட்சம் கேக்குது.

எங்க குரூப்புல ரெண்டு கட்சி ஆயிடுச்சு. பசிச்சவனுக்கும் படிக்கிறவனுக்கும் போற காசு இதுன்னு ஒரு பக்கம், நம்ம ஊர்ல இருந்து இப்படி ஒண்ணு வர்றதே அபூர்வம், நாம விட்டா யார் குடுப்பாங்கன்னு இன்னொரு பக்கம். எனக்கு அந்த இசை பிடிச்சிருக்கு, கம்ப்யூட்டர்ல போட்டுக் காட்டுன மாதிரியைக் கேட்டேன், முழுசா புரிஞ்சதுன்னு சொல்ல மாட்டேன் ஆனா மனசை விட்டுப் போகல. தர்ம காசை இதுக்கு குடுக்கறது சரியா, உங்களுக்கு என்ன தோணுதுன்னு சொல்லுங்க.

குகை நெசவுக்காரன்:

அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க, என் பதில் வேண்டாம்ங்கறதுதான். ஜிஎச்-ல வாரக் கடைசியில போய் நிக்கிறவன் நான். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல ஆபரேஷன் ஆயிடுது, சரி, ஆனா கூட இருக்கிற அம்மாவுக்கு மூணு வேளை சாப்பாடு, தர்மபுரியில இருந்தும் கள்ளக்குறிச்சியில இருந்தும் டயாலிசிஸுக்கு வந்து போற பஸ் செலவு, அந்த நாள்ல போற கூலி, இதையெல்லாம் எந்தத் திட்டமும் குடுக்கல. நல்ல மார்க் வாங்கியும் ஹாஸ்டல் காசு இல்லாம நர்சிங் சேர முடியாம தறிக்கே திரும்பி வந்த பொண்ணை எங்க தெருவுல எனக்குத் தெரியும். மூணு லட்சம்னா அப்படி எத்தனை பேர். இசை வேண்டாம்னு நான் சொல்ல வரல, எங்கப்பா பஜனை மடத்துல பாடுனவர்தான். ஆனா கேக்க ஆள் இருந்தா அந்த ஆளுங்க காசு குடுத்து வாங்கட்டும், கேக்க ஆளே இல்லாததுக்கு ஏழை பேரைச் சொல்லி திரட்டுன காசு எதுக்கு?

மலையடிவாரம்:

குகை அண்ணன் கேட்டது நியாயமான கேள்விதான். ஆனா "கேக்குறவங்க வாங்கட்டும்"ங்கறது இந்த மாதிரி இசைக்கு எந்த ஊர்லயும் லேசுல நடந்தது இல்லீங்க. லண்டன்லயே நடக்கல. அங்க என்எம்சின்னு ஒரு ரெக்கார்டிங் நிறுவனம், காலின் மேத்யூஸ்ங்கற இசையமைப்பாளர் 1989ல ஆரம்பிச்சது, உயிரோட இருக்கிற பிரிட்டிஷ் இசையமைப்பாளர்களோட புது இசையை வெளியிடறதுதான் அதோட முக்கிய வேலை. அது லாபக் கம்பெனி இல்ல, பதிவு பண்ணின அறக்கட்டளை. ஆரம்பத்துல காசு எங்க இருந்து வந்துச்சுன்னா, 1934லயே இறந்துபோன குஸ்தவ் ஹோல்ஸ்டோட ராயல்டியில இருந்து. அவர் கிரகங்களை வச்சு எழுதுன ஒரு ஆர்கெஸ்ட்ரா இசை உலகம் பூரா ஓடிச்சு, அதுல வந்த பணத்துல நடந்த ஹோல்ஸ்ட் ஃபவுண்டேஷன் அதை அடுத்த தலைமுறைக்கு போட்டுச்சு. அமெரிக்காவுலயும் அப்படித்தான், நியூ வேர்ல்ட் ரெக்கார்ட்ஸ் 1975ல ராக்ஃபெல்லர் ஃபவுண்டேஷன் மானியத்துல வந்தது, ஆரன் கோப்லண்ட்ங்கற இசையமைப்பாளர் சாகும்போது விட்டுட்டுப் போன சொத்துல ஓடுற நிதி இன்னைக்கும் ரெக்கார்டிங்குக்கு மானியம் குடுக்குது. 1954ல இசையமைப்பாளர்களே சேர்ந்து ஆரம்பிச்ச சிஆர்ஐன்னு ஒரு லேபிள் 2003ல மூடிட்டாங்க, அதுல இருந்த அத்தனை ரெக்கார்டிங்கும் அந்த நியூ வேர்ல்ட் கையில போனதாலதான் பிழைச்சுது. தர்மம் பண்றவங்க கைதான் இதை இத்தனை நாள் தாங்குது.

இப்ப நம்ம பக்கத்துக்கு வர்றேன், இதைச் சொல்லாம போக மனசு வரல. மைசூர் மகாராஜா ஜெயசாமராஜேந்திர உடையார் தெரியும்ல, அவரே கர்நாடக கீர்த்தனை எழுதுனவர், பியானோவும் படிச்சவர். லண்டன்ல நிகோலாய் மெட்னர்னு ஒரு ரஷ்ய இசையமைப்பாளர், வயசாகி இதய நோயோட, அதிகம் யாரும் கண்டுக்காம இருந்தார். மகாராஜா 1940கள் கடைசியில மெட்னர் சொசைட்டின்னு ஒண்ணு ஏற்படுத்தி அவர் இசையை எச்எம்வியில ரெக்கார்ட் பண்ண காசு போட்டார். மெட்னரே உக்காந்து ஆர்கெஸ்ட்ராவோட சேர்ந்து வாசிக்கிற தன்னோட மூணு பியானோ கான்சர்ட்டோவையும் வாசிச்சார், மூணாவதை மகாராஜாவுக்கே சமர்ப்பணம் பண்ணினார், 1951ல செத்துட்டார். இன்னும் ரெண்டு மூணு வருஷம் தள்ளிப் போட்டிருந்தா அந்த மனுஷன் அந்த மூணு கான்சர்ட்டோவையும் தானே எப்படி வாசிச்சார்னு நமக்குக் கேக்கக் கிடைக்காமயே போயிருக்கும். 1950ல லண்டன் ஆல்பர்ட் ஹால்ல ரிச்சர்ட் ஸ்ட்ராஸ்ங்கற ஜெர்மன் இசையமைப்பாளர் கடைசியா எழுதுன பாட்டுகள் முதல் தடவை அரங்கேறினப்பவும் பின்னாடி நின்னது இதே மகாராஜாதான். இங்க இருந்து பஸ் ஏறினா சாயங்காலத்துக்குள்ள போயிடலாம் மைசூருக்கு, அந்த ஊர்ல இருந்து போன காசு அது.

குகை நெசவுக்காரன்:

படிச்சேன், மெட்னர் சங்கதி எனக்குப் புதுசு, நல்லா இருந்துச்சு. ஆனா ஒண்ணு பாருங்க, மகாராஜா குடுத்தது அவர் காசு. ஹோல்ஸ்ட் ராயல்டி அவர் குடும்பத்துக் காசு. இவங்ககிட்ட இருக்கறது பையன் ஃபீஸுக்குன்னு சொல்லி வாங்குன காசு. என் சண்டை அந்த இடத்துலதான்.

கன்னங்குறிச்சி சவுண்ட்:

நான் ரெக்கார்டிங் வேலைதான் பாக்குறேன், அதனால மூணு லட்சம் எங்க போகும்னு மட்டும் சொல்றேன். சினிமா பாட்டுன்னா ஒவ்வொரு டிராக்கா தனித்தனியா எடுத்து ஒட்டிடலாம், தாளம் தப்பாம இருக்க கிளிக் சத்தம் காதுல ஓடும். குவார்டெட் அப்படி முடியாது, நாலு பேரும் ஒரே ரூம்ல ஒருத்தர் மூச்சை ஒருத்தர் பாத்து வாசிக்கணும். புது இசைன்னா அவங்க முன்னாடி கேட்டதே கிடையாது, பாத்துப் பழக பழைய ரெக்கார்டிங்கும் இருக்காது, அதனால ரிகர்சலே பல நாள் ஆகும், அந்த நாளுக்கெல்லாம் நாலு பேருக்கும் சம்பளம் உண்டு. அப்புறம் நல்ல ரூம், எடிட்டிங், மிக்ஸிங், மாஸ்டரிங். மூணு லட்சம் அதிகம் இல்ல, கட்டுப்படியா கேட்டிருக்குன்னுதான் சொல்லுவேன். ஏற்காட்டுலயே ஒரு பழைய சர்ச்சுல எடுத்தா செலவு குறையுமேன்னு யாராவது கேப்பீங்க, எதிரொலி அருமையா இருக்கும், ஆனா மழை பேஞ்சா போச்சு, சில்வண்டு கத்தினா போச்சு, ஈரத்துக்கு தந்தி சுருதி மாறிட்டே இருக்கும்.

போட்ட காசு திரும்ப வருமான்னா வராது. ஸ்பாட்டிஃபைல 2024ல இருந்து ஒரு டிராக் ஒரு வருஷத்துல ஆயிரம் தடவையாவது ஓடலைன்னா அதுக்கு ராயல்டியே கணக்குல சேராது, இந்த மாதிரி இசைக்கு அந்த ஆயிரமே மலை. ஆனா ரெக்கார்டிங் இல்லாம ஒரு இசையமைப்பாளர் யாரையும் போய்ப் பாக்க முடியாதுங்க, எந்த விழாவுக்கு அனுப்பினாலும், எந்த ஸ்காலர்ஷிப்புக்கு எழுதினாலும் முதல்ல கேக்கறது ஆடியோ ஃபைல்தான், கம்ப்யூட்டர் மாதிரியை அனுப்பினா பாதி பேர் திறந்துகூட பாக்க மாட்டாங்க. அந்தப் பொண்ணுக்கு இதுவும் ஒரு காலேஜ் ஃபீஸ்தான்னு நான் நினைக்கிறேன்.

நாகலூர் காப்பி:

மலைமேல இருந்து ஒரு குரல். ரெக்கார்டிங்குக்கு தர்மம் பண்ணலாம்னு முடிவு பண்ணினா, முதல் காசு எங்க மலையாளிப் பெரியவங்க (கேரளாக்காரங்க இல்ல, இந்த மலைப் பழங்குடி மக்கள்) பாடுற பாட்டுக்குப் போகட்டும். சேர்வராயன் மலையிலயும் கல்வராயன் மலையிலயும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் விதைப்புக்கும் பாடுனவங்க ஒவ்வொருத்தரா போய்ட்டு இருக்காங்க, எழுதி வச்ச நோட்டு கிடையாது, அவங்க போனா பாட்டும் போச்சு. குவார்டெட்டாவது காகிதத்துல இருக்கு, பத்து வருஷம் கழிச்சும் நாலு பேர் உக்காந்து வாசிக்கலாம். அந்தப் பொண்ணு மேல எனக்கு எந்தக் கோவமும் இல்ல, எங்க மலைப் பிள்ளைதான். எது முதல்லங்கற கேள்வி வந்தா நான் இந்தப் பக்கம்.

மலையடிவாரம்:

நாகலூர், நீங்க சொன்னதுக்கு எங்கிட்ட மறுப்பு இல்ல, அது ரொம்ப அவசரமான வேலை. இன்னும் சொன்னா அதுக்கு செலவும் கம்மி, நல்ல ரெக்கார்டர் ஒண்ணும் பாஷை தெரிஞ்ச பொறுமையான ஆளும் இருந்தா ஆரம்பிச்சிடலாம். ஆனா பழசைக் காப்பாத்த மட்டும் காசு குடுப்போம், புதுசு தானா பிழைச்சுக்கட்டும்னு இருந்தா நாளைக்குக் காப்பாத்த என்ன இருக்கும்? தஞ்சாவூர்ல ராஜராஜன் திருப்பதியம், அதான் தேவாரம், பாட 48 பேரும் கொட்ட ரெண்டு பேரும்னு வச்சு தினம் நெல்லு அளந்ததை கல்வெட்டே சொல்லுது, அது பழைய பாட்டுக்கு. அருணாசலக் கவிராயர் ராம நாடகத்தைப் புதுசா எழுதினப்ப ஆதரிக்க மெட்ராஸ்ல மணலி முத்துகிருஷ்ண முதலியார் இருந்தார், அது கண்ணு முன்னாடி உயிரோட இருக்கிற ஆளுக்கு. ரெண்டுமே நம்மகிட்ட இருந்த வழக்கம்தான்.

கணக்குப்பிள்ளை சேலம்:

ஆடிட் பக்கம் இருந்து ஒரு வார்த்தை, எல்லாரும் அதை விட்டுட்டீங்க. முதல்ல உங்க ட்ரஸ்ட் டீடை, அதான் ட்ரஸ்ட் பத்திரத்தை, எடுத்துப் பாருங்க. நோக்கம்னு என்ன எழுதியிருக்கோ அதுக்கு மட்டும்தான் செலவு பண்ணலாம், கல்வி மருத்துவம்னு மட்டும் இருந்தா கூட்டத்துல கை தூக்கி பாஸ் பண்ணினாலும் இசை ரெக்கார்டிங்குக்கு குடுக்க முடியாது. கலைன்னு ஒரு வரி இருந்தா வழி இருக்கு. இருந்தாலும் கல்விக்குன்னு குறிச்சுக் குடுத்த காசுல கை வைக்காதீங்க, இந்த விஷயத்துல குகைக்காரர் சொன்னது சட்டத்துக்கும் சரி மனசாட்சிக்கும் சரி. இதுக்குன்னு தனியா கேளுங்க, தனி ரசீது, தனிக் கணக்கு. ரெண்டாயிரத்துக்கு மேல ரொக்கமா வாங்கினா குடுக்கறவங்களுக்கு நன்கொடைக்கான வருமான வரிக் கழிவு (80ஜின்னு சொல்றது) கிடைக்காது, புது வரி முறையில இருக்கிறவங்களுக்கு எப்படிக் குடுத்தாலும் கிடையாது, இதை முன்னாடியே சொல்லிடுங்க. பெரிய கம்பெனிங்ககிட்டயும் கேட்டுப் பாக்கலாம், 2013 கம்பெனிச் சட்டத்துல சிஎஸ்ஆர், அதாவது கம்பெனிங்க சமூகத்துக்குன்னு பண்ற செலவுப் பட்டியல்ல கலை பண்பாடும் இருக்கு, ஆனா அதுல பாரம்பரியக் கலைன்னுதான் அழுத்தம், அதனால நாகலூர்க்காரர் கேக்குற மலைப் பாட்டுக்கு அந்தக் கதவு சீக்கிரம் திறக்கும், குவார்டெட்டுக்கு கஷ்டம்.

அஸ்தம்பட்டி வாசி:

எல்லாத்தையும் குரூப்புல படிச்சுக் காட்டினேன். டீட்ல "கல்வி, மருத்துவம், கலை வளர்ச்சி"ன்னு இருக்கு, ஆரம்பிச்சவங்க யோசிச்சுத்தான் எழுதியிருக்காங்க. ஃபீஸ் காசையும் ஜிஎச் காசையும் தொடறது இல்லன்னு முடிவாயிடுச்சு, ஒத்த ரூபாகூட. இதுக்குன்னு தனியா கேக்கப் போறோம், விருப்பம் இருக்கிறவங்க மட்டும் குடுக்கட்டும், யாரையும் வற்புறுத்தறது இல்ல. நான் ஒரு நிபந்தனை வச்சேன், ரெக்கார்டிங்கும் நோட்ஸும் எல்லாரும் இலவசமா கேக்கவும் எடுத்து வாசிக்கவும் பொதுவுல இருக்கணும், தர்மக் காசுல செஞ்சது ஒருத்தர் பெட்டிக்குள்ள பூட்டிக் கிடக்கக் கூடாது. அந்தப் பொண்ணு உடனே சரின்னுடுச்சு. மலைப் பாட்டு விஷயத்தையும் அதுகிட்ட சொன்னேன், பாடுற பெரியவங்க சம்மதிச்சா கூட வந்து பதிவு பண்ணித் தர்றேன், எனக்கு காசு வேண்டாம்னு சொல்லுச்சு.

குகை நெசவுக்காரன்:

அப்படின்னா எனக்கு ஆட்சேபணை இல்லீங்க. என் பேர்ல ஐநூறு எழுதிக்கங்க, ரெக்கார்டிங் கணக்குல இல்ல, மலைப் பாட்டுக் கணக்குல. ஹாஸ்டல் காசு இல்லாத அந்தப் பொண்ணோட விவரத்தையும் அனுப்புறேன், அடுத்த கூட்டத்துல அதையும் எடுங்க.

நாகலூர் காப்பி:

ஞாயித்துக்கிழமை வர்றதா இருந்தா முன்னாடியே சொல்லுங்க, காப்பி அறுவடை நேரம், பெரியவங்க எல்லாம் தோட்டத்துல இருப்பாங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேலன்னா வீட்ல இருப்பாங்க, நானே கூட்டிட்டுப் போறேன்.