ஆச்சி வீட்டு குரூப், 19 செப்டம்பர் 2022

மதியம் 3:16

சித்தி: டிவி போட்டாச்சு. அம்மாவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றியாச்சு. எலிசபெத் ராணியின் சவப்பெட்டியை வெளியே எடுத்துவிட்டார்கள், எல்லாரும் வாருங்கள்.

மாமா: நான் ஆபீசில். சத்தத்தை அணைத்துவிட்டு ஃபோனில் பார்க்கிறேன். யாராவது சொல்லிக்கொண்டே வாருங்கள்.

சித்தி: பீரங்கி வண்டியில் வைத்திருக்கிறார்கள். அம்மா கேட்கிறாள், குதிரையைக் கட்டாமல் ஏன் ஆட்கள் இழுக்கிறார்கள் என்று.

லண்டன் அக்கா: கடற்படைக்காரர்கள் சித்தி, 142 பேர். 1901இல் விக்டோரியா ராணியின் ஊர்வலத்தில் குதிரைகள்தான் கட்டியிருந்தார்கள். வின்ட்சரில் குளிரில் நின்று நின்று குதிரைகள் முரண்டு பிடித்து வார் அறுந்துவிட்டது. அங்கே நின்ற கடற்படை ஆட்கள் இழுத்துப் போனார்கள். அப்புறம் அதுவே முறை என்று ஆகிவிட்டது.

பெரியப்பா: திவசத்தன்று பூனையைக் கூடை போட்டுக் கவிழ்த்த கதைதான்!

மாமா: 😂 அத்தான்!

சித்தி: நீ அஞ்சலி செலுத்த நேரில் போனாயே, பெட்டி பக்கத்தில் விட்டார்களா?

லண்டன் அக்கா: வியாழன் ராத்திரி 11 மணி நேரம் வரிசை. கையில் கலர் பட்டை கட்டிவிட்டார்கள். எனக்கு முன்னால் நின்ற பாட்டி எல்லாருக்கும் பிஸ்கட் கொடுத்தார். உள்ளே போனால் ஒரு நிமிஷம்கூட நிற்க முடியாது. ஆனால் நான் போன நேரம் காவலர்கள் மாறினார்கள். 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை மாறுவார்கள். டொக் என்று ஒரு தட்டு, அவ்வளவுதான். அத்தனை பெரிய மண்டபத்தில் அது ஒன்றுதான் சத்தம்.

பெரியப்பா: ஒரு ஃபார்வர்டு வந்திருக்கிறது. பெட்டி மேல் இருக்கும் கிரீடத்தில் நம் கோஹினூர் இருக்கிறதாம்.

லண்டன் அக்கா: இல்லை பெரியப்பா. அது இந்த ராணியின் அம்மாவுடைய கிரீடத்தில். 2002இல் அவர் பெட்டி மேல் வைத்தார்கள். இன்று இருப்பது வேறு கிரீடம். இதில் இருக்கும் பெரிய வைரம் தென்னாப்பிரிக்காவின் கல்லினன். அதைவிடப் பெரிய துண்டு பக்கத்தில் இருக்கிற செங்கோலில்.

பெரியப்பா: எப்படியும் அவர்கள் ஊரில் தோண்டி எடுத்தது ஒன்றும் இல்லை.

சித்தி: அத்தான், இன்றைக்கு வேண்டாமே.

சித்தி: மலர் வளையத்தில் சொருகின கார்டு மேல் பச்சையாக ஒரு பூச்சி ஊர்கிறது, பார்த்தீர்களா? எட்டுக்கால் பூச்சியா அது?

லண்டன் அக்கா: ஆமாம், இங்கேயும் எல்லாரும் அதையேதான் பேசுகிறார்கள். அந்த வளையத்தில் மிர்ட்டில் என்கிற செடியின் கிளை ஒன்று இருக்கிறது சித்தி. 1947இல் ராணியின் கல்யாணப் பூங்கொத்தில் இருந்த கிளையை நட்டு வளர்த்த செடியில் பறித்தது.

மதியம் 4:26

மாமா: எனக்கு வீடியோ நின்றுவிட்டதா? ஒருவரும் அசையவில்லையே.

லண்டன் அக்கா: இரண்டு நிமிஷ மௌனம் மாமா. ஹீத்ரோவில் விமானத்தைக்கூட நிறுத்திவைத்திருக்கிறார்கள்.

மாமா: நான் ஃபோனை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிவிட்டேன் 🤦

இரவு 8:10

சித்தி: வின்ட்சர் வந்துவிட்டது. பாதை ஓரத்தில் ராணியின் மட்டக்குதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். சேணத்தின் மேல் அவருடைய தலை ஸ்கார்ஃப். இத்தனை நேரம் பேசிக்கொண்டிருந்த அம்மா வாயே திறக்கவில்லை.

லண்டன் அக்கா: அது எம்மா. உள்ளே முற்றத்தில் நாய்கள் இரண்டும் நிற்கும் பாருங்கள், மிக், சாண்டி.

இரவு 9:12

சித்தி: கிரீடம், உருண்டை, செங்கோல் மூன்றையும் எடுத்துப் பீடத்தில் வைத்துவிட்டார்கள். இப்போது ஒருவர் குச்சியை முறிக்கிறாரே, ஏன்?

லண்டன் அக்கா: அரண்மனைத் தலைமை அதிகாரி. அவர் பதவிக்கு அடையாளம் அந்தக் கோல். இந்த ராணிக்குச் செய்யும் ஊழியம் முடிந்தது என்று முறித்துப் பெட்டி மேல் வைக்கிறார்.

சித்தி: அம்மா சொல்கிறாள், "நம்ம ஊர்ல கொடம் ஒடைக்கிற மாதிரி."

பெரியப்பா: அத்தை சொன்னால் சரிதான்.

சித்தி: பெட்டி தரைக்குள் இறங்குகிறது. லிஃப்ட் மாதிரி மெதுவாக. புருஷன் எங்கே என்கிறாள் அம்மா.

லண்டன் அக்கா: பிலிப் போய் ஒன்றரை வருஷம் ஆகப்போகிறது. அவரும் அதே நிலவறையில்தான் இருக்கிறார். இன்று ராத்திரி இரண்டு பேரையும் ராணியின் அப்பா அம்மா பக்கத்தில் அடக்கம் செய்கிறார்கள். அதற்கு கேமரா கிடையாது.

சித்தி: நல்லது. அம்மா இன்னொன்று கேட்கிறாள், அந்த நாய்கள் இனிமேல் யார் வீட்டில்?

லண்டன் அக்கா: ராணியின் மகன் ஆண்ட்ரூ வீட்டில்.

சித்தி: சொல்லிவிட்டேன். சரி, டிவியை அணை என்கிறாள்.