மினாடாமிஸ் நா சாகிங்: பழம் ரப்பராகுது, பாகு பூத்துப் போகுது. உதவி தேவை

பாகுப்பதம்: மினாடாமிஸ் நா சாகிங்னா வாழைப்பழத்தைச் சர்க்கரைப் பாகில் வேக வைக்கிற பிலிப்பினோ இனிப்பு. பிலிப்பினோ கடையில் அதுக்கான சபா வாழை கிடைக்குது. 6 பழம், 1 கப் பிரவுன் ஷுகர், அரை கப் தண்ணீர். பாகு கொதிச்சதும் பழத்தைப் போட்டு 20 நிமிஷம் சிறுதீ. வெளியே பளபளன்னு அழகா இருக்கு, கடிச்சா நடுவில் ரப்பர். மறுநாள் ஃபிரிட்ஜில் பாகு மணல் மணலா ஆயிடுது. இன்னும் நேரம் வேக விடணுமா?

சட்டியும்கரண்டியும்: நேரம் கூட்டினா இன்னும் மோசமாகும். 200 கிராம் சர்க்கரைக்கு 120 மில்லி தண்ணீர்னா பாகு ஆரம்பத்திலேயே ரொம்பக் கெட்டியா நிக்குது. அந்தப் பாகு பழத்துக்குள்ளே இருக்கிற தண்ணியை வெளியே இழுத்துடும். சபா மாவுச்சத்து அதிகமுள்ள சமையல் வாழை. மாவு வேகத் தண்ணி வேணும், அதைச் சர்க்கரை பிடிச்சு வச்சுக்குது. அதான் ரப்பர்.

வரிசையை மாத்துங்க. தோல் உரிச்சுச் சாய்வா இரண்டாவோ மூணாவோ வெட்டி, ஒன்றரை கப் தண்ணி, ஒரு சிட்டிகை உப்பு, இருந்தா ஒரு ரம்பை இலை முடிச்சு போட்டு மிதமான தீயில் 8-10 நிமிஷம். முள்கரண்டி தடையில்லாம இறங்கணும். இறங்கின பிறகுதான் சர்க்கரை, அதுவும் பாதி முதலில், 5 நிமிஷம் கழிச்சு மீதி. அதுக்கப்புறம் 10 நிமிஷம் சிறுதீ. கரண்டி வேண்டாம், சட்டியைப் பிடிச்சுக் குலுக்குங்க.

பழமும் பாருங்க. தோல் முழுக்க மஞ்சளாகி அங்கங்கே கறுப்புப் புள்ளி விழுந்து, அழுத்தினா கெட்டியா இருக்கணும். பச்சை ஓடினா துவர்ப்பு போகாது, தோல் கறுத்துட்டா குழைஞ்சிடும்.

வாணலி: மணலாகாம இருக்க ஒரு சுளுவான வழி: முதலிலேயே எலுமிச்சை பிழிஞ்சிடுங்க, பாகு பூக்காது.

சட்டியும்கரண்டியும்: முதலில் வேண்டாங்க. புளிப்பு பட்டா பழம் வேகிறது தாமதமாகும். கடைசி 5 நிமிஷத்தில் அரை டீஸ்பூன் போதும், கலமான்சி (பிலிப்பினோ குட்டி எலுமிச்சை) கிடைச்சா அதே. அதைவிட முக்கியம், கரண்டியின் பின்பக்கம் மெல்லிசாப் படியும்போதே அடுப்பை அணைச்சிடணும், ஆறினா இன்னும் கெட்டியாகும். சட்டி ஓரத்தில் ஒட்டின சர்க்கரையை ஈரத் துணியால துடைச்சிடுங்க, ஒரு பரல் உள்ளே விழுந்தாலும் அதைச் சுத்தி மொத்தமும் பூக்கும். ஏற்கெனவே பூத்ததை வீணாக்க வேண்டாம். 3 டேபிள்ஸ்பூன் சுடுதண்ணி விட்டுச் சிறுதீயில் கரையிற வரைக்கும் வைங்க.

தாளிப்பு: ஊரில் சபா கிடைக்காது. மொந்தன் ஆகுமா?

சட்டியும்கரண்டியும்: ஆகும். நல்லாப் பழுத்த மொந்தனா இருக்கணும். நேந்திரனும் உருவம் கலையாம நிக்கும், லேசாப் புளிப்பு தட்டும், அவ்வளவுதான். மோரிஸ், ரஸ்தாளி பக்கம் போகாதீங்க, கூழாயிடும். நாட்டுச் சர்க்கரைன்னா தனியாக் கரைச்சு வடிகட்டி ஊத்துங்க, அடியில் மண் தங்கும். கரைக்கிற தண்ணியை அந்த ஒன்றரை கப்பிலிருந்தே எடுத்துக்கணும்.

பாகுப்பதம்: வரிசை புரிஞ்சுது. இதோட போடற சாகோ (பெரிய ஜவ்வரிசி) கரைஞ்சு கஞ்சியாகுதே? ராத்திரியே ஊறப் போடறேன். பால் ஊத்தினா வேற திரியுது.

வாணலி: அந்தப் பெரிய உருண்டை மரவள்ளி மாவுதான், பச்சைத் தண்ணியில் ஊறினா உடைஞ்சு கரையும். ஊறவே வைக்காம, 1 கப்புக்கு 8 கப் தண்ணி தளதளன்னு கொதிக்கும்போது கொட்டி, அடியில் ஒட்டாமக் கிளறி 20 நிமிஷம் கொதிக்க விட்டு, மூடி 30 நிமிஷம் அப்படியே வைங்க. நடுவில் வெள்ளைப் பொட்டு இருந்தா இன்னொரு 10 நிமிஷம். வடிச்சுப் பச்சைத் தண்ணியில் அலசிப் பாகில் போட்டுடுங்க, ஒட்டிக்காது. சாகோவை அன்னன்னிக்கே தீர்த்துடுங்க, ஃபிரிட்ஜில் வச்சா விறைச்சிடும்.

சட்டியும்கரண்டியும்: பால் திரியறது சூடும் புளிப்பும் சேர்றதால. எலுமிச்சை சேர்த்த சூடான பாகில் எவாப்பரேட்டட் மில்க் (தண்ணி வத்த வச்ச டின் பால்) விடவே கூடாது. பழமும் பாகும் நல்லாக் குளிர்ந்ததும் கிண்ணத்தில் எடுத்து, மேலே துருவின ஐஸ், அதுக்கும் மேலே பால்.